வயிற்றுக் குளிசையோடு கவனிக்கப்படாமல் போகும் மனச்சோர்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

பசியில்லை, வயிறு ஊதுகிறது, நெஞ்செரிகிறது, இரவில் நித்திரை இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு பாமசிக்குப் போகிறவர் வயிற்றமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் குளிசை அட்டையொன்றோடு வீடு திரும்புவது திருகோணமலையில் வழக்கமாகிவிட்டது. மனம் சோர்ந்தவர் அதை மனம் என்று சொல்லாமல் வயிறு என்று சொல்வதும் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. போரையும் 2004 ஆம் ஆண்டுச் சுனாமியையும் கண்ட கரை இது. இங்கே ஒருவர் மாதக்கணக்கில் வயிற்றைப் பற்றியே முறையிட்டால், "எதிலாவது விருப்பம் இருக்கிறதா, விடியப்புறம் விழித்துக்கொள்கிறீர்களா, அழுகை வருகிறதா?" என்றும் கேட்க வேண்டும். அதேபோல மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறவரிடம் என்ன சாப்பிடுகிறார், மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் கேட்கப்படுவது அரிதாக இருக்கிறது. அதனால்தான் இக்கடிதம்.

கைபேசிகளில் சுற்றும் ஒரு செய்தியை முதலில் திருத்த வேண்டும். மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற இரசாயனத்தில், உடலிலுள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உண்டாகிறது என்பது உண்மை. ஆகவே வாழைப்பழம் தின்றால் மனம் மகிழும் என்று அடுத்த வரியில் எழுதுகிறார்களே, அதுதான் பிழை. குடலில் உண்டாகும் செரட்டோனினும் பழத்தில் இருக்கும் செரட்டோனினும் மூளைக்குள் நுழைவதில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. மீன், முட்டை, பருப்பு வகை, பால் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கதலிப்பழம் நல்லதுதான், ஆனால் அதன் நன்மை வேறு வழியால் வருகிறது.

அந்த வழி நார்ச்சத்து. நாம் செரிக்க முடியாத நார் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவருக்கு அதுவே உணவு. அந்தச் சுவர் பலமாக இருந்தால் அழற்சி குறைகிறது. நீடித்த அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொரு பாதை, மூளையையும் உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் மூளையிலிருந்து கீழே வருவன அல்ல. உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போவன அவை. ஆகவே வயிறு மனதைக் குழப்புவதும் மனம் வயிற்றைக் குழப்புவதும் இருபக்கமும் நடக்கும். சோதனைக்கு முதல்நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வருவது நடிப்பல்ல.

உணவை மாற்றினால் நோயாளியின் மனச்சோர்வு உண்மையில் குறையுமா? அவுஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. 67 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை, மற்றவர்களுக்கு அதே காலம் நட்பாகப் பேசிக்கொண்டிருக்க ஒருவர். முடிவில் முதல் பகுதியில் சுமார் 32 சதவீதத்தினரும் இரண்டாவது பகுதியில் 8 சதவீதத்தினரும் மனச்சோர்வு நீங்கிய நிலையை அடைந்தார்கள். ஆய்வு சிறியது, தாம் எந்தப் பகுதி என்பதும் பங்குபற்றியவர்களுக்குத் தெரியும். அந்தக் குறைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெரும்பாலானோர் மருந்தையோ ஆலோசனையையோ ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்கள் என்பது அதைவிட முக்கியம். மருந்தை விட்டுவிட்டு உணவு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அங்கே கொடுத்தது ஒலிவ் எண்ணெயும் முழுத்தானியமும் மீனும். அந்த உணவுமுறையின் அடிப்படையை எடுத்தால் எங்கள் சந்தையிலேயே எல்லாம் கிடைக்கும்: தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கடலை, கீரை, சூடை மீன், தயிர், கச்சான். குறைக்க வேண்டியவை பாண், கொத்துரொட்டி, ரோல்ஸ், பிஸ்கற், சோடா.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது. வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அரைக் கிராம்கூடத் தேறாது. காலையில் பாண், மதியம் வெள்ளைச்சோறு, இரவு கோதுமை மா இடியப்பம் என்று போனால் கறியோடு சேர்த்தும் தேவையின் பாதியை எட்டுவது கடினம். இப்படி மாற்றிப் பாருங்கள். காலையில் தேங்காய்ப்பூவும் சம்பலும் போட்டு அவித்த பயறு ஒரு கோப்பை, சுமார் 150 கிராம்: 11 கிராம் நார். மதியம் சிவப்பரிசிச் சோறு 250 கிராம்: சுமார் 4. முருங்கையிலை வறையும் ஒரு மரக்கறியும்: 5 அல்லது 6. பின்னேரம் நடுத்தரக் கொய்யாப்பழம் ஒன்று: சுமார் 5. கணக்கு முடிந்துவிட்டது. பெட்டியில் வரும் மாவோ மாத்திரையோ தேவைப்படவில்லை.

இதை ஒரே நாளில் தொடங்கக்கூடாது. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். நாருக்குப் பழகாத குடலில் திடீரென ஒரு கோப்பை கடலை போனால் வாய்வு, ஊதல், வயிற்றுப்பிடிப்பு, பிறகு "எனக்கு ஒத்துவரவில்லை" என்ற முடிவு. முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும், அடுத்தடுத்த வாரங்களில் கூட்டுங்கள். கடலையை 8 முதல் 12 மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் நசுங்கும்வரை அவிக்க வேண்டும். வாய்வை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். கெதியாக அவிய அப்பச்சோடா போட வேண்டாம், அது தயமின் என்ற விற்றமினைக் கெடுக்கும். நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டாவிட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும், எங்கள் வெயிலில் இன்னும் கூடுதலாக.

கிண்ணியா, மூதூர் பக்கத்து எருமைத் தயிர் இருக்கும் மாவட்டத்தில் உயிருள்ள பற்றீரியா அடங்கிய விலைகூடிய புரோபயோட்டிக் கப்சூல் எதற்கு? நாளுக்கு ஒரு சிறு கோப்பை, 100 முதல் 150 கிராம் தயிர். உயிருள்ள பற்றீரியா வேண்டுமென்றால் கொதிக்கும் குழம்பில் போடாமல் சோறு ஆறிய பின் சேருங்கள். காய்ச்சிய பாலில் உறையவைத்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். சட்டியின் மேலே பச்சையோ இளஞ்சிவப்போ படிந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, முழுச்சட்டியும் வீசவேண்டியதுதான். கித்துள் பாணியைக் கோலமாக ஊற்றாமல் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

பழஞ்சோறு பற்றி இளையவர்கள் வெட்கப்படுவதைக் காண வருத்தமாக இருக்கிறது. முறையாகச் செய்தால் அது நல்ல புளித்த உணவு. முறை முக்கியம். இரவுச் சோற்றைப் பானையில் மணிக்கணக்கில் சூட்டோடு மூடிவைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. சோறு அவிந்த பிறகும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் உயிரோடிருக்கும், இளஞ்சூட்டில் பெருகும், அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோற்றைப் பரப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவிட்டு, கழுவிய மண்சட்டியில் இட்டு, கொதித்தாறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரலளவு நிற்க ஊற்றுங்கள். 8 முதல் 10 மணித்தியாலம் போதும். காலையில் இலேசான புளிப்பு வாசம் வர வேண்டும். வழுவழுப்போ நிறமாற்றமோ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துப் பிசைந்தால் வெங்காயத்திலுள்ள நாரும் குடற்பற்றீரியாக்களுக்குத் தீனியாகும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் தவிர்க்கட்டும்.

மீனில் சூடையும் சாளையும் மலிவு, ஒமேகா-3 கொழுப்பும் கூட. வாரம் இரண்டு மூன்று தடவை, பொரிக்காமல் குழம்பாகவோ சொதியாகவோ. விற்றமின் பி12 உம் மீனிலிருந்தே வரும். அது குறைந்தால் மறதி, எரிச்சல், சோர்வு, கைகால் விறைப்பு எல்லாம் வரும், பார்ப்பவர் மனநோய் என்றே நினைப்பார். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களும், நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோலை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களும், மச்சம் தொடாதவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், தைரொயிட், இரத்தச் சர்க்கரை.

கீரை வறையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதே இரும்பு தடைப்படும், ஒரு மணித்தியாலம் கழியட்டும். ஒரு பிளேன்ரீக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து பிளேன்ரீ என்றால் ஏறத்தாழ 60 கிராம் சீனி. மேல்வரம்பாகச் சொல்லப்படும் 50 கிராமைத் தேநீரே தாண்டிவிடுகிறது. நித்திரை குழம்புகிறவர்கள் பின்னேரம் மூன்று மணிக்குப் பின் தேநீரும் கோப்பியும் வேண்டாம்.

உளநலச் சிகிச்சையில் இருப்போருக்குச் சில எச்சரிக்கைகள். புளொக்ஸட்டீன், சேர்ட்ரலீன் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றைப் பிரட்டலாம். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தணியும். மனதில் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், வயிற்றைச் சாட்டி அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். கடும் மனநோய்க்குக் கொடுக்கப்படும் ஒலன்சப்பின் பசியையும் உடல் எடையையும் கூட்டும். அதே வகையைச் சேர்ந்த குளோசப்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் சாதாரண விடயமல்ல, குடல் அடைத்து உயிராபத்தாகலாம், அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லிதியம் எடுப்பவர் திடீரென உப்பைக் குறைத்தாலோ வெயிலில் நீர்வற்றினாலோ இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். நோன்பு, விரதம் பிடிப்பதென்றால் முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். மகிழ்ச்சி தரும் உணவுகள் என்று குறிப்புகள் வெளியிடும்போது, அவை சிகிச்சைக்குப் பதிலல்ல என்பதையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வருகிறவர் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மற்றவர்கள் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு வரி எழுதலாம்: என்ன சாப்பிட்டேன், மலம் போனதா, எத்தனை மணித்தியாலம் நித்திரை, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. நான்கு வாரம் எழுதிய பின் அதை வைத்தியரிடம் காட்டுங்கள். வயிறு ஊதிய நாளும் மனம் விழுந்த நாளும் ஒன்றாக வருகின்றனவா, எது முந்தி வருகிறது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே அவர் கேட்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உணவூட்டல், உளநலப் பணியாளர் சிலர்,
திருகோணமலை.