ஆலைக் கழிவுநீரை இரவில் ஆற்றில் விடுவதைத் தடுக்கக் கோரும் நான்காவது மனு

பெறுநர்: மதிப்பிற்குரிய மாவட்ட அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபையின் படைப்புப் பராமரிப்புக் குழுவும் ஆற்றோர லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மக்களும்

ஐயா, வணக்கம்.

இதே பொருளில் மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம். முத்திரை குத்திய நகல்கள் இணைப்பில் உள்ளன. பதில் இல்லை. இடம் தாங்கள் அறிந்ததே: செம்பனை (பாமாயில்) ஆலைக்குப் பின்னால், தமிழ்ப்பள்ளிப் பாலத்துக்குச் சற்று மேலே, ஆலையின் கடைசிக் கழிவுநீர்க் குளத்தின் கரை ஆற்றைத் தொடும் வளைவு.

1. ஆலையை விட்டு வரும் கழிவுநீரின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடும் நீருக்கான உச்ச அளவை, மலேசியாவின் 1977ஆம் ஆண்டு செம்பனை ஆலை விதிமுறைகள் 1978இல் 5,000 என்று தொடங்கி, 1984இல் 100க்கு இறக்கின. காற்றில்லாக் குளங்களிலும் பிறகு காற்றுள்ள குளங்களிலும் நீர் வாரக்கணக்கில் தங்கினால்தான் அந்த அளவுக்கு இறங்கும்.

2. குளங்கள் தூர் வாரப்படவில்லை. அடியில் சேறும் மேலே எண்ணெய் ஏடும் ஏற ஏற, நீர் தங்கும் நாள் குறைகிறது. ஆலைக்குச் செம்பனைக் குலை வரத்து மிகுந்த மாதங்களில் குளம் விளிம்பைத் தொட்டுவிடும்.

3. அப்போது மழை பெய்தால், இரவில் கரையோரக் குழாய் திறக்கப்படுகிறது. விடியும்போது ஆறு கறுப்புக் காப்பி நிறத்தில் ஓடுகிறது. கரைப்புல்லில் பழுப்பு நுரை ஒட்டிக் கிடக்கிறது. விரால் மேலே வந்து காற்றை விழுங்கித் தாக்குப்பிடிக்கும். மற்ற மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடி, வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பாசியும் இரவில் ஆக்சிஜன் தராது. அதனால்தான் விடியற்காலை மிக மோசம். அந்த நீரில்தான் 16ஆம் நாள் கருமக்கிரியைக்கு வருபவர்கள் முழுக வேண்டியிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பெற்ற தகப்பனுக்கு எப்படி ஐயா எள்ளும் தண்ணீரும் இறைப்பது? கீரைப் பாத்திக்கு எதை ஊற்றுவது?

4. ஒரு முறை அதிகாரிகளின் வண்டி வந்தது, காலை 11 மணிக்கு. குளத்தில் மாதிரி எடுத்துப் போனார்கள். பகலில் எடுத்தால் பகல் தண்ணீர்தானே கிடைக்கும்! இதையும் முன்பே எழுதிவிட்டோம்.

5. மழை இரவில், 10 மணிக்கும் 6 மணிக்கும் இடையே, ஆலைக்கு மேலே, குழாய் வாயில், பாலத்தடியில் என மூன்று இடங்களில் மாதிரி எடுக்க வேண்டுகிறோம். குப்பியில் காற்று நிற்காமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டரை ஆற்றிலேயே இறக்கிப் பார்க்க வேண்டும். குப்பியில் எடுத்துப் போனால் அளவு மாறிவிடும். குளத்துச் சேற்றைக் கோல் விட்டு அளக்க வேண்டும். குழாயை அடைக்க வேண்டும்.

6. சபைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். படைப்பைக் காப்பதை 1990இல் உலக ஆங்கிலிக்கன் சபைகளின் ஆலோசனை மன்றம், சபையின் கடமைகளைச் சொல்லும் அருட்பணி அடையாளங்களில் ஐந்தாவதாகச் சேர்த்தது. ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது பண்படுத்தவும் காக்கவும். எங்களுக்கு வாய்த்தது இந்தத் தோட்டம். ஆலை மேட்டில், லயம் பள்ளத்தில். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் ஆறு ஒன்றுதான்.

அந்தக் குழாயை அடைக்க உத்தரவிடுங்கள் ஐயா. மழைக்காலம் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
குழுவினரும் லயத்து மக்களும்