ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அழியும் படிவங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணை திறப்பு, நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு எனக் காவிரி டெல்டா விவசாயிகளின் பிரச்சினைகளுக்குத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து இடமளித்து வருகிறது. அவற்றோடு ஒட்டிய, ஆனால் யாரும் பேசாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். இணையப் படிவங்களில் பல விடைகளுள் ஒன்றை மட்டும் தேர்வு செய்ய வைக்கப்படும் ரேடியோ பட்டன் எனும் சிறு வட்டங்களே அவை. கும்பகோணத்தில் இணையதளம் வடிவமைக்கும் தொழில் செய்கிறேன். அதனாலேயே அக்கம்பக்கத்தார் விண்ணப்பங்களும் என்னிடம் வந்து சேர்கின்றன.

அண்மையில் அப்படி நிரப்பிய ஒரு படிவத்தில், சாகுபடிப் பருவத்துக்குக் குறுவை, சம்பா, தாளடி என மூன்று வட்டங்களும், அதன் கீழே பாசன வகைக்கு ஆற்றுப் பாசனம், ஆழ்துளைக் கிணறு என இரண்டு வட்டங்களும் இருந்தன. சம்பாவைத் தேர்வு செய்துவிட்டு ஆற்றுப் பாசனத்தைத் தொட்டதும் சம்பாவில் இருந்த புள்ளி மறைந்துவிட்டது. மறுபடியும் சம்பாவைத் தொட்டால் ஆற்றுப் பாசனம் காலி. அனைத்து விவரங்களையும் பூர்த்தி செய்யுமாறு சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை மட்டும் தவறாமல் வந்தது. ஒரு படிவத்துக்குள் ஒரே ‘நேம்’ (நிரலில் பட்டனுக்கு இடும் குழுப் பெயர்) கொண்ட ரேடியோ பட்டன்கள் அனைத்தையும் பிரவுசர் ஒரே குழுவாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு குழுவில் ஒன்றுதான் தேர்வில் இருக்க முடியும். முதல் கேள்விக்கான நிரலை நகலெடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டியவர் நேமை மாற்றாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். விடையின் எழுத்தை அதன் வட்டத்தோடு இணைக்கும் தனி அடையாளமான ஐடியையும் மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: கீழே உள்ள விடையின் எழுத்தைத் தொட, மேலே உள்ள வட்டம் நிரம்பியிருக்கும். தொழில் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபடும். வரப்பில் நின்று செல்போனில் நிரப்பும் விவசாயியோ, தன் கைதான் எங்கோ தவறாகப் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

ரேடியோ பட்டன் குழுவை ஒரே ஒருமுறை ஒழுங்காக எழுதி, சோதித்து, பொதுவான காம்பொனன்டாக, அதாவது எல்லாப் படிவங்களிலும் பயன்படுத்தக்கூடிய ஆயத்தக் கூறாக, வைத்துக்கொண்டு, கேள்வி, விடைகள், நேம் ஆகியவற்றை மட்டும் அந்தந்தப் படிவத்திலிருந்து அதற்குக் கொடுப்பதே இதற்கு வழி. நேம் கொடுக்காவிட்டால் இயங்க மறுக்கும்படியும், ஐடிகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும்படியும் அதை எழுதிவிடலாம். பிழை தெரிய வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்காக இப்படிப்பட்ட கூறுகளை, ரேடியோ பட்டன் உட்பட, எவரும் எடுத்தாளும்படி நிரலோடு வெளியிட்டிருக்கிறது. நம் துறைகளின் படிவங்களை வெவ்வேறு ஒப்பந்ததாரர்கள் வெவ்வேறு காலங்களில் எழுதுவதால், இங்கே அதன் தேவை இன்னும் அதிகம்.

அந்தக் காம்பொனன்டுக்குள் கேள்வியும் விடைகளும் விடைகளை ஒரு குழுவாக்கும் ‘ஃபீல்ட்செட்’, அக்குழுவுக்குத் தலைப்பிடும் ‘லெஜண்ட்’ ஆகிய நிரல் குறிகளைக் கொண்டு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் திரைவாசிப்பான் மூலம் படிவத்தைக் கேட்கும் பார்வை மாற்றுத்திறனாளிக்கு, எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ மட்டுமே காதில் விழும். அழகுக்காக வட்டத்தைப் படமாக வரைந்துவிட்டு உண்மையான ரேடியோ பட்டனை விட்டுவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. டேப் விசையால் குழுவுக்குள் நுழைந்து அம்புக்குறி விசைகளால் விடை மாற்றும் வசதி, தனியே எழுதிச் சேர்க்காவிட்டால், அதில் போய்விடும். நாள் முழுவதும் விண்ணப்பம் பதிவேற்றும் இ-சேவை மைய ஊழியரைக் கேட்டால் அதன் அருமை தெரியும். வட்டத்தோடு எழுத்தையும் தொட்டால் தேர்வாக வேண்டும். தமிழில் விடைகள் நீளமானவை என்பதால் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகவே அடுக்க வேண்டும். பக்கவாட்டில் அடுக்கினால் சிறு திரையில் எழுத்து மடிந்து, எந்த வட்டம் எந்த விடைக்கு என்றே தெரியாது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, முன்கூட்டியே ஒரு விடையை நிரப்பி வைப்பதைத்தான். நில உரிமைக் கேள்வியில் ‘சொந்த நிலம்’ தானாகவே தேர்வாகியிருந்தால், கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார். படிவமும் எந்த எச்சரிக்கையும் இன்றி ஏற்றுக்கொள்ளும். வருவாய்த் துறையின் சாகுபடிப் பதிவேடான அடங்கலோடு ஒப்பிடும்போதுதான் முரண்பாடு வெளிப்பட்டு விண்ணப்பம் நிற்கும். அதற்குள் கடைசித் தேதியும் கடந்திருக்கக் கூடும். எனவே தொடக்கத்தில் எந்த வட்டமும் நிரம்பியிருக்கக் கூடாது. ரேடியோ பட்டனில் ஒருமுறை தேர்வு செய்ததை மீண்டும் தொட்டு நீக்க முடியாது என்பதால், தேவைப்படும் கேள்விகளில் ‘பொருந்தாது’ என்பதையும் ஒரு விடையாக வைக்க வேண்டும்.

அரசு இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் அணுகும்படி அமைக்க வேண்டும் என்பதற்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 2009 முதலே உள்ளன; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. எனவே, மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை பொதுவான ரேடியோ பட்டன் குழு ஒன்றை உருவாக்கி, படிவ ஒப்பந்தங்களில் அதன் பயன்பாட்டைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சம்பா பதிவு தொடங்கும் முன்பே, டெல்டாவின் ஏதேனும் ஓர் இ-சேவை மையத்தில் விலை குறைந்த செல்போனிலும் திரைவாசிப்பானிலும் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.