செயலாளர் ஆண்டறிக்கை: குறுங்கோள்களும் நம்ம மொட்டை மாடியும்

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அப்புறம் வாசிப்பார். பள்ளிகளில் நடத்திய வான்நோக்கு நிகழ்ச்சிகள் வழக்கம்போல நடந்தன, அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

இந்த வருஷம் நம்ம நேரத்தை விழுங்கியது குறுங்கோள் குடும்பங்கள்தான். குறுங்கோள் என்றால் சூரியனைச் சுற்றும் சின்னப் பாறை. பெரிய பாறை ஒன்று மோதலில் உடைந்தால் துண்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பாதையில் சூரியனைச் சுற்றும், அதுதான் குடும்பம். பெரும்பாலானவை பல கோடி வருஷப் பழசு. ஆனால் கரின் குடும்பத்துக்கு வயது 58 லட்சம் வருஷம், தத்தூராவுக்கோ சுமார் 5 லட்சம்தான். கணினியில் பாதைகளைப் பின்னோக்கி ஓட்டி, அவற்றின் திசைகள் எப்போது ஒன்றுசேர்கின்றன என்று பார்த்துக் கண்டுபிடித்த வயது இது. பழைய குடும்பங்களில் சூரிய வெளிச்சமே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்சியை மாற்றிவிடும். இளசுகளில் மோதல் கொடுத்த சுழற்சி அவ்வளவாகக் கலையாமல் இருக்கும், அதனால்தான் சுழலும்போது அவற்றின் வெளிச்சம் ஏறி இறங்குவதை அளக்க இத்தனை பேர் அலைகிறார்கள்.

தத்தூரா நம்ம எட்டு இஞ்ச் தொலைநோக்கிக்கு மங்கல். ஒரு பக்கம் மணலி ஆலைகள், இன்னொரு பக்கம் துறைமுக விளக்குகள், இந்த வானத்தில் அது வேண்டாத ஆசை. எனவே மசாலியா என்ற பிரகாசமான குறுங்கோளை எடுத்தோம். அதற்கும் ஒரு குடும்பம் உண்டு, தத்தூரா அளவுக்கு இளசு இல்லை, பரவாயில்லை. அது தன்னைத்தானே ஒரு தடவை சுற்றச் சுமார் 8.1 மணி நேரம். நீளமான பாறை ஒரு சுற்றில் இரண்டு தடவை பளிச்சிடும், ஒன்றை மட்டும் எண்ணினால் காலம் பாதியாக வந்துவிடும் என்பதைப் புது உறுப்பினர்கள் மனதில் வைக்கவும்.

தண்டையார்பேட்டை மாடியில் புகையும் கடல் ஈரமும் வெளிச்சத்தைக் குறைத்தாலும் அதே படத்தில் இருக்கும் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு அளந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், இரண்டுக்குமான வித்தியாசம் கெடாமல் தப்பிவிடும். லென்ஸில் ஈரம் பூத்தால்தான் வினை, கொடிக்கயிற்றில் துணி காயும் மாடியில் ஹேர் டிரையரோடு ஒருவர் நின்றுகொண்டே இருந்தார்.

வான்பொருள்களின் வெளிச்சத்தை அளக்கும் மேக்னிட்யூட் அளவுகோலை 1856இல் வகுத்த வானியலாளர் போக்சன், அப்புறம் நம்ம நுங்கம்பாக்கத்திலிருந்தே 1861இல் ஆசியா, 1866இல் சில்வியா என்ற குறுங்கோள்களைக் கண்டுபிடித்தவர். ஆகவே நம்ம ஊருக்கு இது புதுசில்லை.

பெரிய தொலைநோக்கி கேட்கிறார்கள், நான் எதிர்க்கிறேன். முதலில் நடுங்காத தாங்கி வாங்குவோம். மாடிச் சாவிக்கு ஆள் வேண்டும், இன்றே பெயர் கொடுங்கள்.