திருகாணியை ஒட்டி அனுப்பியவருக்கும் மற்றவர்களுக்கும்

இந்த மடலில் யாருடைய பெயரும் இருக்காது. பெயர் கேட்டுக்கொள்ளும் நிதானம் அன்று எனக்கு இல்லை. எங்கள் விமானப் பயணத்தில் உதவிய உங்களில் ஒருவரை நான் பார்க்கக்கூட இல்லை. என் கணவர், மாமியார், ஒன்பது வயது மகன், நான் என நான்கு பேரும் போன மாதம் இரண்டு விமானம் மாறி என் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளுடைய கைக்குழந்தையை என் கணவர் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட நன்றியை இப்போது சொல்கிறேன்.

என் கணவருக்குக் கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு காயம். தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்களில் பிடிப்பு இல்லை. புறங்கையால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளித்தான் மின் சக்கர நாற்காலியை ஓட்டுகிறார். காயத்துக்குப் பிறகு இதற்கு முன் ஒரே ஒருமுறை விமானத்தில் போயிருக்கிறோம். அன்று அவரை இருக்கைக்குத் தூக்க வந்த இருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் அக்குளில் கைகொடுத்தார், மற்றவர் கணுக்காலைப் பிடித்தார், தூக்கிவிட்டார்கள். சிறுநீர்க் குழாய் இழுபட்டது. அந்த இடத்தில் அவருக்கு உணர்ச்சி கிடையாது என்பதால், சிறுநீர் சேரும் பையில் சிவப்பு கலந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இறங்கிய இடத்தில் நாற்காலி பெட்டிகளோடு பெல்ட்டில் படுத்தபடி வந்தது. கால்தாங்கி வளைந்திருந்தது, ஜாய்ஸ்டிக் முறிந்திருந்தது. பழுது பார்த்து வரும்வரை பதினொரு நாள் அவர் கட்டிலிலேயே கிடந்தார். பிறகு மூன்று வருடம் எங்கள் வீட்டில் விமானம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த இரவு, "போய்ப் பார்க்கலாமா?" என்று அவராகத்தான் கேட்டார்.

முதல் நன்றி, தொலைபேசியில் பேசிய அந்தப் பெண்ணுக்கு. பல விமான நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிடச் சொல்கின்றன. பயத்தில் நான் மூன்று வாரம் முன்பே அழைத்துவிட்டேன். "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், படி ஏறுவாரா, இருக்கை வரைக்கும் நாலு எட்டு நடப்பாரா, தானே மாறி உட்காருவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். பிறகு டிக்கெட்டில் போடும் குறியீடுகளைப் பொறுமையாக விளக்கினீர்கள். தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் நடந்துகொள்வார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். நடக்கவே முடியாது, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. இந்தக் கடைசி எழுத்து தவறினால், தள்ளுவதற்கு ஒருவர் வருவார், தூக்குவதற்கு ஆள் இருக்காது. முந்தைய பயணத்தில் எங்கள் டிக்கெட்டில் எந்த எழுத்து இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

பேட்டரியைப் பற்றியும் நீங்கள்தான் கேட்டீர்கள். லேபிளைப் படிக்க நான் ஓடிப்போய் வரும்வரை காத்திருந்தீர்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஆவர். பெருக்கினால் 240 வாட்-ஆவர். எங்களுடையதுபோல் கழற்றக்கூடிய ஒரே லித்தியம் பேட்டரி என்றால் 300 வாட்-ஆவர் வரைதான் அனுமதி, அதையும் கழற்றி, முனைகளை மூடி, கையோடு உள்ளே கொண்டுவர வேண்டும், சரக்கு அறையில் போடக்கூடாது என்றீர்கள். மடித்த நாற்காலியின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டீர்கள். சரக்கு அறையின் கதவுக்குள் அது நுழைய வேண்டுமே! நான்கு நாள் கழித்து மறுபடி அழைத்தபோது பேசியவர் வேறு ஒருவர். ஆனால் எல்லாம் அவர் முன்னால் திரையில் இருந்தது. எங்கள் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இந்தக் கதையைப் பல கவுன்ட்டர்களில் சொல்லிச் சலித்தவர்களுக்குத் தெரியும்.

செக்-இன் கவுன்ட்டரில் இருந்த தம்பிக்கும் நன்றி. நாங்கள் கேட்காமலேயே நீங்கள் ஒன்று சொன்னீர்கள். சர்வதேசப் பயணத்தில் சாமான் சேதமானால் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நல்ல மின் சக்கர நாற்காலி ஒன்றின் விலைக்கு அது காணவே காணாது. நாற்காலியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைச் சிறப்பாக எழுதிக்கொடுத்தால் அந்த வரம்பு உயரும் என்று சொல்லி, படிவத்தை எடுத்து நீட்டினீர்கள். இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பதினொரு நாள் வேதனையில் பணக்கவலையாவது குறைந்திருக்கும்.

பாதுகாப்புச் சோதனையில் எங்கே தொட்டால் வலிக்கும், எங்கே தொட்டால் தெரியாது என்று கேட்டுவிட்டுக் கை வைத்தவருக்கும் நன்றி.

இப்போது அந்த இரண்டு பேர். இதை நிதானமாக எழுத வேண்டும்.

விமானத்தின் வாசலில், நடைபாதைக்குள் நுழைகிற அந்த ஒடுங்கிய நாற்காலியோடு நின்றிருந்தீர்கள். பல விமானங்களில் இருக்கைகளுக்கு நடுவே அரை மீட்டர் கிடைத்தாலே பெரிது, அவருடைய சொந்த நாற்காலி அதில் போகாது. எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. உங்களில் மூத்தவர் அவர் முன்னால் ஒற்றைக் காலை மடித்து உட்கார்ந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தீர்கள். "சார், எப்படித் தூக்கினால் உங்களுக்குச் சரிப்படும்?" என்றீர்கள். அவர் சொன்னார். பின்னால் இருப்பவர் அக்குள் வழியாகக் கையை விட்டு முன்கைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அக்குளில் மட்டும் பிடித்தால் தோள் நழுவும். மற்றவர் தொடைக்கு அடியில் தாங்க வேண்டும். இடது காலில் குழாய் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொன்னீர்கள். இளையவர் குனிந்து குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு மூத்தவர், "எண்ண வேண்டியது நீங்கள். நீங்கள் மூன்று சொல்லாமல் நாங்கள் தூக்க மாட்டோம்" என்றீர்கள்.

அவர் எண்ணினார். ஒன்று என்றார், இரண்டு என்றார், பிறகு நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. நமக்குப் பின்னால் ஏறுபாலத்தில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் இருவரும் அசையவில்லை, அவசரப்படுத்தவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவர் "மூன்று" என்றபோது குரல் பழைய குரலாக இருந்தது. காயத்துக்கு முன்னால் இருந்த குரல்.

இருக்கையில் வைத்த பிறகு இன்னொன்று செய்தீர்கள். தொடைக்கு அடியில் கைவிட்டு, பேன்ட் துணியின் மடிப்பை இழுத்துச் சமமாக்கினீர்கள். துணி மடிப்பின்மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் உணர்ச்சியில்லாத தோலில் புண் வந்துவிடும், வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்கத் தோன்றியது, அதற்குள் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டீர்கள்.

நடைபாதை ஓரத்து இருக்கையின் கைத்தாங்கியை மேலே தூக்கும் விசை அதன் அடியில், கீலுக்குப் பக்கத்தில் மறைந்திருக்கிறது. பலருக்கு அது தெரியாது, முன்பு கைத்தாங்கிக்கு மேலாகத்தான் அவரைத் தூக்கிப் போட்டார்கள். விரலை விட்ட மாத்திரத்தில் அதைத் திறந்த விமானப் பணிப்பெண்ணுக்கு நன்றி. என் மாமியார் எங்கள் பக்கத்திலேயே இருக்கும்படி தன் இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்வரிசைக்குப் போன பெரியவருக்கும் நன்றி.

விமானத்தில் இல்லாத ஒருவருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. பல வருடமாகச் சக்கர நாற்காலியிலேயே பயணம் செய்துவரும் ஓர் அக்கா, புறப்படுவதற்கு முன்தினம் எங்களுக்குச் சொன்ன ஒரே விஷயம், என் கணவர் உட்காரும் காற்றுத் திண்டைப் பற்றியது. வானத்தில் போகும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோல் குறைந்துவிடும். அப்போது திண்டுக்குள் அடைபட்ட காற்று விரிந்து, திண்டு கல்லைப்போல் இறுகும். மேலே ஏறியதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும், இறங்கும்போது திண்டு சப்பிப்போகும், கைப்பம்பால் திரும்ப ஏற்ற வேண்டும். அக்கா, நீங்கள் சொன்னபடியே நடந்தது. விமானம் ஏறி முக்கால் மணி நேரத்தில் கையை அடியில் விட்டுப் பார்த்தேன், தரை மாதிரி இருந்தது. இரண்டு மூச்சுக் காற்றை விட்டதும் திரும்ப இளகியது. அவருடைய தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் இறங்கினோம்.

அடுத்ததை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, யாருக்காவது உதவும்" என்றார். அந்த விமானத்தின் கழிப்பறைக்குள் அவரால் போக முடியாது. காலில் கட்டிய பையில்தான் சிறுநீர் சேரும். முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் ஆறாவது கணுவுக்கு மேல் காயம் பட்டவர்களுக்குப் பை நிரம்பித் தேங்கினாலும் குழாய் மடங்கினாலும் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும், உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாவது விமானத்தில் அவருக்கு நெற்றி வியர்த்து முகம் சிவந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் முழங்காலுக்குக் கீழே மடங்கியிருந்தது. அதை நிமிர்த்தினேன், பை நிமிடங்களில் நிறைந்தது, காலி செய்தாக வேண்டும். பணிப்பெண்ணாக இருந்த நீங்கள் எதுவும் விசாரிக்காமல் ஒரு போர்வையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் திரைபோல் விரித்துப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் பாட்டிலை மூடியதும், துணியில் சுற்றி, தண்ணீர் பாட்டிலை வாங்குவதைப்போல வாங்கிப் போனீர்கள். கை கழுவிக்கொண்டு வந்து, "இன்னும் ஒரு மணி நேரத்தில் நானே வருகிறேன்" என்றீர்கள். வந்தீர்கள். சகோதரி, என் கணவரின் நெற்றி வியர்வை அடங்கிய அந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன்.

இடையில் மாறிய விமான நிலையத்தில் ஏறுபாலம் கிடைக்கவில்லை, நடக்க முடியாதவர்களை விமானத்திலிருந்து இறக்கும் தூக்கிவண்டி வரத் தாமதமானது. எல்லோரும் இறங்கிப்போன விமானத்தில் எங்களோடு நின்ற ஊழியர்களுக்கும், நாற்காலி பெல்ட்டுக்குப் போகாமல் விமான வாசலுக்கே வரவேண்டும் என்று தொலைபேசியில் இரண்டு முறை வற்புறுத்திய விமானிக்கும் எங்கள் வணக்கம்.

கடைசியாக உங்களுக்கு. உங்களை நான் பார்க்கவில்லை.

புறப்படுமுன் என் மகன் நாற்காலியைப் படமாக வரைந்து, பிடித்துத் தூக்க வேண்டிய இடங்களுக்குப் பச்சை அம்பும், தொடக்கூடாத இடங்களுக்குச் சிவப்பு அம்பும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து முதுகுச் சாய்வில் கட்டியிருந்தான். நாங்கள் போனது போன்ற விமானங்களில் சரக்கு அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, முழங்காலிட்டுத்தான் வேலை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழங்காலில் நின்றபடி நீங்கள் அந்தப் படத்தைப் படித்திருக்கிறீர்கள். ஏனென்றால் நாற்காலி நிமிர்ந்தபடியே வாசலுக்கு வந்தது. ஜாய்ஸ்டிக்கில் நாங்கள் சுற்றிய துணி கழன்றிருக்க வேண்டும், அதை வேறு முடிச்சில், எங்களுடையதைவிட நல்ல முடிச்சில் கட்டியிருந்தீர்கள். வலது கைத்தாங்கியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. அதற்கடியில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு திருகாணி. டேப்பின்மேல் பேனாவால் எழுதியிருந்தீர்கள்: "தரையில் கிடந்தது. இந்த நாற்காலியுடையது என்று நினைக்கிறேன்."

இதனுடையதுதான். கைத்தாங்கியைப் பிடித்து நிறுத்தும் திருகாணி. அது இல்லாமல் ஓட்டியிருந்தால் முதல் மேட்டிலேயே கைத்தாங்கி கழன்று அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார். மகன் பையிலிருந்த திருகுசாவியால் அதைப் பொருத்தி முறுக்கினான். நான் பேட்டரியை மாட்டினேன். ஐந்து பச்சை விளக்குகளும் எரிந்தன. அவர் புறங்கையால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி, எங்களுக்கு முன்னால் போனார்.

திரும்பி வரும்போது மகன் அந்தப் படத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தான்: "திருகாணி கிடைத்தது. நன்றி." உங்கள் கண்ணில் படட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினான். அன்று சுமை ஏற்றியவர் நீங்களா, வேறு யாரோ, எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.