லோபுச்சேயிலிருந்து என்னை இறக்கிவந்த அண்ணனுக்கு

சென்ற அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்தபோது, 4,940 மீட்டர் உயரத்தில் உள்ள லோபுச்சேயில் எனக்குத் தலை பிளந்தது. வாந்தி நிற்கவில்லை, கால்கள் பின்னின. "ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள் உடன் வந்தவர்கள். வேறொரு குழுவின் சுமைதூக்கியான நீங்கள்தான் என் நடையைப் பார்த்த மாத்திரத்தில் கீழே கை காட்டினீர்கள். உயரத்தால் மூளை வீங்கத் தொடங்கினால் நடை தடுமாறும், உடனே இறங்குவதே முதல் வைத்தியம் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். படுத்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன்.

கூடையை விடுதியில் இறக்கிவைத்துவிட்டு என் தோளைப் பற்றினீர்கள். கூடையை நெற்றியில் தாங்கும் நாம்லோ வார் அழுத்திய தடம் உங்கள் நெற்றியில் டார்ச் வெளிச்சத்தில் சிவந்து தெரிந்தது. துக்லா கணவாயில், மலையில் மாண்டவர்களின் நினைவுக் கற்களுக்கு நடுவே நான் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. உங்கள் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டி, "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று மெல்ல நடத்தினீர்கள்.

ஃபெரிச்சே மருத்துவ நிலையத்தில் ஆக்சிஜன் வைக்கும்வரை கதவோரம் நின்றீர்கள். நான் கண் விழித்தபோது நீங்கள் இல்லை. விடியுமுன்பே மறுபடி சுமை தூக்க மலையேறிவிட்டீர்களாம்.

பெயர்கூடக் கேட்கவில்லை. நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்பார்கள்; வழி நெடுக அப்படித்தான் உங்களை அழைத்தேன். நன்றி, தாய். நீல நூலால் கட்டைவிரலில் தைத்த உங்கள் கையுறைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.