ஐஸ் துளைக்கு மெஷின் வாங்கப்போகும் மகளுக்கு

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
மார்கழி

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. வேலையிடத்துச் சிநேகிதிகளோடு கனடாவின் சிம்கோ ஏரிக்கு, உறைந்த ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கப் போகிறேன், கீழே மீன் நிற்பதைக் காட்டும் இந்த மெஷின்களில் எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். நான் பேசத் தொடங்கினால் நீ பாதியில் நிற்பாட்டிவிடுவாய் என்று அம்மா சொல்கிறா. எழுதி அனுப்பினால் கடையில் நின்றுகொண்டே திருப்பிப் பார்க்கலாம். இங்கே வாடை அடிக்கிறது. போட்டெல்லாம் கரையில் ஏற்றியாயிற்று, எனக்கும் பொழுது போகவேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படத்தில் இருக்கிற, மீன் நீந்துவதை அப்படியே படமாகக் காட்டும் லைவ் சோனாரை இந்த வருடம் விடு. முதல் படத்து வட்ட டயல், இல்லாவிட்டால் இரண்டாவது படத்துச் சின்னத் திரை, இரண்டில் ஒன்றை எடு. என்னைக் கேட்டால் வட்ட டயல்.

எங்கள் போட்டில் பூட்டியிருக்கும் சவுண்டரை, சத்தத்தை அனுப்பி எதிரொலியால் மீனைக் காட்டும் மெஷினை, நீ பார்த்திருக்கிறாய். போட் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் படமும் ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டிருக்கும். மீனுக்கு மேலால் நாங்கள் கடக்கும்போது அது முதலில் தூரத்தில் இருக்கிறது, பிறகு நேர்கீழே வருகிறது, மறுபடி தூரமாகிறது. அதனால்தான் திரையில் மீன் வில்லாக வளைந்து விழுகிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ஐஸில் போய் இருந்து வில்லைத் தேடாதே. அங்கே நீயும் அசைவதில்லை, துளையும் அசைவதில்லை. ஒரு மீன் கீழே வந்து நின்றால், நின்ற நேரம் முழுக்க ஒரு கோடு இழுபடும். மீன் மேலே ஏறினால் கோடு ஏறும், விலகிப்போனால் அறுந்துவிடும். கோடு நீளமாகக் கிடக்கிறது என்று பெரிய மீன் வந்ததாக நினைத்துவிடாதே. அது கனநேரம் நின்ற மீன், அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசம் உண்டு, இந்த மெஷினை வாங்குவதே அதற்காகத்தான். நாங்கள் கடலில் தூண்டில் போடும்போது எங்கள் ஈயம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று சவுண்டர் காட்டுவதில்லை. நீரோட்டம் நூலை இழுத்துக்கொண்டு போய்விடும். நீயோ மெஷினின் ட்ரான்ஸ்டியூசரை, அதாவது சத்தத்தை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனையை, இறக்கிய அதே துளையால் தூண்டிலையும் இறக்குகிறாய். அதனால் உன் ஈயமே திரையில் தெரியும். கையை அரையடி உயர்த்தினால் அந்தக் கீறும் அரையடி உயரும். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து இன்னொரு கீறு பிரிந்து உன் ஈயத்தை நோக்கி ஏறும். அதுதான் மீன். இனி உன் கை என்ன செய்கிறதோ அதற்கு மீன் என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கலாம். ஆட்டினாய், கீறு கீழே இறங்கிவிட்டது என்றால் கூடுதலாக ஆட்டிவிட்டாய். மெதுவாக மேலே தூக்கினாய், அதுவும் கூடவே வருகிறது என்றால் விடாமல் தூக்கிக்கொண்டு போ, அனேகமாகக் கடிக்கும்.

வட்ட டயலைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதில் பழையது எதுவும் தெரியாது, இந்த நொடியில் கீழே இருப்பது மட்டும்தான் தெரியும். மோட்டாரில் சுற்றும் விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் காட்டும். எதிரொலி பலமானால் சிவப்பு, நடுத்தரமானால் மஞ்சள், மெல்லியதானால் பச்சை. சின்ன ஈயம் பச்சைக் கீறாகத் தெரியும். மீன் ஓரத்தால் வரும்போது பச்சை, நேர்கீழே வந்ததும் சிவப்பு. கடுங்குளிரில் திரைகள் கொஞ்சம் மந்தமாகும், விளக்குச் சுற்றுவதற்கு அந்தத் தொல்லை இல்லை. சின்னத் திரைக்கும் ஒரு நன்மை உண்டு, மறைக்கக்கூடாது. தேத்தண்ணி ஊற்றத் திரும்பின நேரத்தில் ஒரு மீன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால் டயல் சொல்லாது, திரையில் அதன் தடம் கிடக்கும். நீ சின்ன வயதிலேயே ஒரு இடத்தில் ஒழுங்காக இருக்கமாட்டாய். அதை யோசித்தால் திரைதான் உனக்குச் சரி என்றும் படுகிறது. ஆனாலும் டயல் இருக்கவைத்துப் பழக்கும்.

கடைக்காரரிடம் கட்டாயம் கேட்கவேண்டியது கூம்பு எத்தனை பாகை என்று. இரவில் ரோச் லைற்றை நிலத்துக்கு அடித்தால் கையைத் தூக்கத் தூக்க வெளிச்ச வட்டம் பெருக்கிறதே, ட்ரான்ஸ்டியூசரிலிருந்து போகும் சத்தமும் அப்படித்தான் விரிகிறது. 20 பாகைக் கூம்பு என்றால் வட்டத்தின் அகலம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. 30 அடித் தண்ணீரில், அதாவது எங்கள் கணக்கில் 5 பாகத்தில், அடியில் 10 அடி அகலம் தெரியும். 9 பாகைக் கூம்பு அதே ஆழத்தில் 5 அடிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 15 அடித் தண்ணீரில் அது இரண்டடி சொச்சம், மீன் நேராக உன் தூண்டிலுக்கே வந்தால் ஒழியக் கண்ணில் படாது. நீ முதலில் போகப்போவது தெற்கே குக்ஸ் பே என்ற குடாவுக்கு, மஞ்சள் பேர்ச் மீன் பிடிக்க என்றாய். அது ஆழம் குறைந்த பக்கம், ஆகவே 20 பாகையை ஒட்டினது எடு. பாரி நகரத்துக்கு முன்னாலிருக்கும் கெம்பன்ஃபெல்ட் பேதான் அந்த ஏரியின் ஆழமான இடம், 40 மீற்றர் வரை போகிறது. ட்ரவுட் மீன் தேடி அங்கே போகும் காலத்தில் ஒடுங்கிய கூம்பின் அருமை தெரியும். 100 அடியில் 20 பாகை 35 அடி அகலத்துக்கு விரிந்துவிடும், அதில் தெரிகிற மீன் உன் தூண்டிலுக்குப் பக்கத்திலா, இரண்டு பாகம் தள்ளியா என்று யார் கண்டது?

அகன்ற கூம்பில் ஒரு கள்ளமும் இருக்கிறது. அடி சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்தின் எதிரொலி முதலில் வந்துவிடும். மெஷின் அதையே அடி என்று கீறிவிடும். பள்ளத்துப் பக்கத்தில் அடியோடு ஒட்டி நிற்கும் மீன் அந்தத் தடித்த சிவப்புக்குள் மறைந்துபோகும். இங்கே கடலடியில் கிடக்கும் கற்பார்களின் விளிம்பில் விளைமீன் நிற்பதும் இப்படித்தான், சவுண்டர் ஒன்றும் காட்டாது, தூண்டில் போட்டால் கடிக்கும். அடி வழக்கத்தை விடத் தடித்துத் தெரிந்தால் சரிவு என்று எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி இன்னொரு துளை போட்டுப் பார்.

மெஷினைப் போட்டதும் எல்லாரும் செய்வது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினை முழுக்கத் திருகிவிடுவது. மேலிருந்து கீழ்வரை நிறம் நிறமாக எரியும், பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஒன்றும் விளங்காது. கெயினைக் குறைத்து வை. ஈயத்தை இறக்கு. ஈயம் மெல்லிய பச்சைக் கீறாகத் தெரியத் தொடங்கும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, தெரிந்ததும் நிறுத்து. ட்ரான்ஸ்டியூசர் ஐஸின் அடி விளிம்புக்குச் சற்றுக் கீழே, சரிவில்லாமல் தொங்கவேண்டும். துளைக்குள்ளேயே நின்றால் ஐஸ் சுவரே எதிரொலிக்கும். சனி ஞாயிறில் பக்கத்துத் துளைக்காரரின் மெஷினும் உன்னுடையதும் ஒரே அலைவரிசையில் கத்தினால் டயல் முழுக்கக் கோடு கோடாகச் சுற்றும். அதை அடக்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்.

மெஷின் மீனில் எதைக் கண்டு சொல்கிறது என்று முந்தி ஒருமுறை கேட்டாய். பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத்தான். சத்தம் தண்ணீரில் செக்கனுக்கு ஏறக்குறைய 1400 மீற்றர் ஓடும், உப்புக் கடலில் 1500. காற்றில் முட்டினால் பலமாகத் திரும்பும். சுறாவுக்கு அந்தப் பை இல்லை, அதனால் உடம்பின் அளவுக்குத் திரையில் தெரியாது. ஜப்பானில் நாகசாகிப் பக்கத்து ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் மீன் தேடும் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், அதே பெயர்தான் இன்றைக்கும் எங்கள் பலநாள் கலங்களில் பூட்டியிருக்கிறது. இந்தப் பையால் உனக்கு ஒரு கடமையும் உண்டு. ஆழத்திலிருந்து கெதியாக இழுத்த பேர்ச்சுக்குப் பை ஊதிவிடும், திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஆழத்தில் பிடித்தால் சாப்பாட்டுக்கு என்று பிடி, போதுமானதும் நிறுத்து.

இரணைமடுக் குளத்தில் ஜப்பான் மீன் (திலாப்பியா) பிடிக்கிறவர்களுக்கு இந்த மெஷின் ஒன்றும் தேவையில்லை. குளம் நிறைந்து 36 அடி நின்றாலும் கனகராயன் ஆற்றின் பழைய தடம் எதற்குக் கீழே கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நாங்களும் கரைப் பனையை நேர்பிடித்துத்தான் கடலடிக் கற்பாரைக் கண்டுபிடித்தோம். உனக்கு அங்கே பனையும் இல்லை, தெரிந்த தண்ணீரும் இல்லை, சுற்றிவர வெள்ளை. அதனால் மெஷின் உனக்கு ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன், அம்மா சொன்னாலும். (ஸ்காபரோ கடையில் பாரையும் விளைமீனும் வெட்டித் துப்புரவாக்கித் தருகிறார்களாம், இவள் ஏன் பனிக்கட்டியில் குந்தியிருக்கவேண்டும் என்பது அவவின் கேள்வி. அதற்கு நீயே பதில் எழுது.)

லைவ் சோனார் கெட்ட சாமான் இல்லை. துளையைச் சுற்றிப் பக்கவாட்டிலும் பார்க்கலாம், மீன் எந்தப் பக்கமாகப் போகிறது என்றும் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான டொலர் விலை, பாரம், பற்றரியையும் குடிக்கும். முதல் வருடத்தில் அதை வைத்திருந்தால் மீன் போகிற பக்கமெல்லாம் துளை போட்டுக்கொண்டு திரிவாய், ஒரு துளையில் இருந்து மீனைக் கடிக்கவைக்கப் பழகமாட்டாய். வெக்சிலார், மார்க்கம் கொம்பனிகளின் டயல்கள் பாவித்ததாகவும் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கினால் ட்ரான்ஸ்டியூசர் வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார். குளிரில் விறைத்து, மடிந்த இடத்தில்தான் அது வெடிக்கும். கடையில் தண்ணீர் வாளிக்குள் விட்டுக் காட்டுவது ஒரு பரீட்சையே இல்லை. ஐஸில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேள்.

பற்றரி 12 வோல்ட். ஈயப் பற்றரி மலிவு, ஆனால் பாரம், குளிரில் பலமும் குறையும். லிதியம் பாரம் குறைவு, கொஞ்சம் விலை. லிதியத்தைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது, பழுதாகிவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் விடும் மட்டும் வைத்திருந்து பிறகு சார்ஜரில் பூட்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் ஒரு ரோச் பற்றரி வரவே வழியில்லாமல் இருந்தது. இப்போது என் மகள் லிதியமா ஈயமா என்று கேட்கிறாள். சரி, கேள்.

மிச்சம் பிடிக்கிற காசில் மிதக்கும் ஜக்கற்றும், தண்ணீருக்குள் விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் தொங்கப்போடும் ஐஸ் ஊசிச் சோடியும் வாங்கு. இது பேரம் பேசும் விஷயம் இல்லை. கனடா செஞ்சிலுவைச் சங்கம் தனியாள் நடக்கவே 15 சென்ரிமீற்றர் தெளிந்த ஐஸ் வேண்டும் என்கிறது. பனி கலந்த வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான். போகும் வழியில் அங்கங்கே துளைத்து அளந்துகொண்டு போ. போன கிழமை யாரோ போனார்கள் என்பதை நம்பிக் காலை வைக்காதே. ஒன்ராறியோவில் 18இலிருந்து 64 வயது வரை மீன்பிடி அனுமதிப் பத்திரம் வேண்டும், அதையும் முதலே எடுத்துவிடு.

டயல் என்றால் கூம்பு எத்தனை, பற்றரி என்ன, ட்ரான்ஸ்டியூசரும் சேர்ந்த விலையா என்று மூன்றையும் கேட்டு எழுது. கிழமை நாளில் உன் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்தால் நான் இங்கே விடிந்து எழும்பியிருப்பேன். மருமகனுக்கும் குளிருக்குத் தடித்த சப்பாத்து வாங்கச் சொல். அம்மா நெத்தலிக் கருவாடு காயவைக்க வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறா, வெயில் எறித்தால் தை பிறந்ததும் ஆள்வசம் அனுப்புவோம்.

இப்படிக்கு,
அப்பா