வெட்டுக்கூலி கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இதைப் பொங்கலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், தாமதத்துக்கு மன்னியுங்கள். வேட்டைக்காரர்கள் தானமாகத் தந்த மான்களில் கடைசி மானின் கறி போன சனிக்கிழமைதான், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் எங்கள் உணவு வங்கிக்கு வந்து சேர்ந்தது. கறிக்கடைக்காரருக்கு இருந்த பாக்கியையும் அன்றே கொடுத்துவிட்டேன், கணக்கு முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அக்டோபர் கடைசியில் தீபாவளி விருந்தில் நான் மைக்கைப் பிடித்து, அந்த மான்களை வெட்டிக் கறியாக்கும் கூலிக்குப் பணம் கேட்டதும் உடனே கொடுத்தவர்கள், நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தவர்கள், வீட்டுக்குப் போய் யோசித்து மறுநாள் அனுப்பியவர்கள் என்று எல்லாரும் சேர்ந்து 3,140 டாலர் தந்தீர்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் பக்கம் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் சின்ன உணவு வங்கிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

அன்றைக்கு இருந்த சத்தத்தில் பாதி விஷயத்தைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

இங்கே வேட்டையில் கிடைத்த காட்டு மானின் கறியை விற்கக் கூடாது. தானே சாப்பிடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு மான் போதும் என்று நினைக்கிற வேட்டைக்காரர் இரண்டாவதைச் சுட்டால் அதைத் தானமாகத்தான் கொடுக்க முடியும். கொடுக்க ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் காட்டில் விழுந்த மான் அப்படியே எங்கள் அலமாரிக்கு வந்துவிடாது. குடலை அங்கேயே எடுத்துவிட்டு, வண்டியில் ஏற்றிக் கறிக்கடைக்குக் கொண்டுபோய், அவர்கள் தோலை உரித்துக் குளிரறையில் தொங்கவிட்டு, எலும்பை நீக்கி, குண்டு பட்ட இடத்தையும் ரத்தம் கட்டிய சதையையும் சீவி எறிந்துவிட்டு, மீதியைக் கொத்துக்கறியாக அரைத்து ஒரு பவுண்டு உறைகளில் அடைத்து உறையவைத்தால்தான் நாங்கள் ஒரு குடும்பத்தின் கையில் அதைக் கொடுக்க முடியும். இந்த வேலைக்குத்தான் கூலி. எங்கள் கறிக்கடைக்காரர் மற்றவர்களிடம் ஒரு மானுக்கு 120 டாலர் வாங்குகிறார், தானமாக வருகிற மானுக்கு 80 போதும் என்கிறார். அவர் விட்டுக்கொடுக்கும் அந்த 40 டாலர் எந்தக் கணக்கிலும் வராது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மானைக் கொடுக்கிறவரையே கூலியும் கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? உரிமத்துக்குக் காசு, தோட்டாவுக்குக் காசு, பெட்ரோல், ஒரு நாள் லீவு, அதற்கு மேல் இந்த 80. நல்ல மனசுள்ளவர்கூட ஒன்றோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மானின் எண்ணிக்கையோ குறையவே காணோம். மானைத் தின்னும் ஓநாய்கள் இந்தப் பக்கம் அழிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது, சோளத்தையும் சோயாவையும் மான் மேய்ந்துவிடுகிறது என்று விவசாயிகள் அழுகிறார்கள், ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டிக்குக் குறுக்கே பாய்கிறது. ஒரு பக்கம் மான் அதிகம், இன்னொரு பக்கம் கறி வாங்க வழியில்லாத வீடுகள். நடுவில் நிற்பது இந்தக் கூலி ஒன்றுதான்.

போன வருஷம் அந்த இடத்தில்தான் நாங்கள் தடுக்கி விழுந்தோம். வேட்டைப் பருவத்தின் இரண்டாவது சனிக்கிழமையே எங்கள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அன்று மத்தியானம் ஒருவர் நாற்பது நிமிஷம் வண்டி ஓட்டி ஒரு மானைக் கொண்டுவந்திருக்கிறார். கடைக்காரர் எனக்குப் போன் செய்து இறக்கட்டுமா என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. டிசம்பர் என்றாலும் அன்றைக்கு நல்ல வெயில், கறி காத்திருக்காது. அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாராம். அந்த வாரம் எங்கள் வரிசையில் நின்றவர்களுக்கு டப்பாவில் அடைத்த பீன்ஸும் மக்ரோனியும்தான் கொடுத்தேன். அது மனசை விட்டுப் போகவே இல்லை. தீபாவளி விருந்தில் மைக்கைப் பிடித்ததற்குக் காரணம் அந்தப் போன்தான்.

இந்தப் பருவத்தில் நிலைமை இன்னும் மோசமாகத் தொடங்கியது உங்களுக்கே தெரியும். 2025 அக்டோபர் 1-லிருந்து, செலவுக்கான நிதிக்கு ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது, 43 நாள். நாடு முழுக்க ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் நம்பியிருந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் ஸ்னாப் உணவு உதவி நவம்பர் முதல் தேதி வரவேண்டியது வரவில்லை. சம்பளம் வராத அரசு ஊழியர்கள் மேரிலாந்தில் எத்தனை பேர் என்று நம் கூட்டத்திலேயே கை தூக்கச் சொன்னால் தெரிந்திருக்கும். வழக்கமாக வராத முகங்களையெல்லாம் அந்த மாதம் எங்கள் வரிசையில் பார்த்தேன். கடையில் அரைத்த மாட்டுக்கறி பவுண்டு 6 டாலரைத் தாண்டிவிட்ட சமயத்தில் நீங்கள் கொடுத்த பணம் எங்கள் கையில் இருந்தது.

சரி, கணக்கு. மொத்தம் 31 மான், வெட்டுக்கூலி 2,480 டாலர். கறியாக வந்தது 1,190 பவுண்டு. ஒரு மானிலிருந்து எலும்பு நீக்கிய கறி நாற்பது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியிருக்கிறது, ஆக பவுண்டுக்கு இரண்டு டாலரும் சில்லறையும்தான் விழுந்தது. பழைய உறைபெட்டி இவ்வளவைத் தாங்காது என்று ஒரு பெரிய உறைபெட்டி வாங்கினோம், 430 டாலர். சமையல் குறிப்பு அச்சடித்தது 30. ரசீது எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

அந்தச் சமையல் குறிப்புக்கு ஒரு கதை உண்டு. மான்கறியில் கொழுப்பே இருக்காது. மாட்டுக்கறி மாதிரி நினைத்து வாணலியில் போட்டு வறுத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அப்புறம் அடுத்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். போன வருஷம் இரண்டு பேர் உறையைத் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். நம் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப்போய் மூன்று விதமாகச் சமைத்துப் பார்த்து, வெங்காயமும் தக்காளியும் நிறையப் போட்டு, எண்ணெயைத் தாராளமாக விட்டு, மூடிவைத்துச் சின்னத் தீயில் வேகவிடும் முறையை எழுதித் தந்தார். அவர் மகள் அதை ஸ்பானிய மொழியிலும் எழுதித் தந்தாள். இந்த வருஷம் ஒரு உறைகூடத் திரும்பி வரவில்லை. அக்கா, அடுத்த தடவை நீங்களே வந்து வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள், உங்களைக் கேட்கிறார்கள்.

விருந்தன்று வந்த கேள்விகளில் ஒன்று, நம் ஊரில் மானைத் தொட்டாலே ஜெயில், இங்கே அதற்கு நாம் பணம் கொடுக்கலாமா என்பது. நியாயமான கேள்விதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குக் காரணம் அங்கே விலங்குகள் அருகிப்போனது. இங்கே வெள்ளைவால் மான் பெருகி நிற்கிறது, எத்தனை சுடலாம் என்று மாநில அரசே பருவத்துக்குப் பருவம் வரையறுக்கிறது. இன்னொரு கேள்வி, சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் நம்மைப் பிடிப்பார்களா என்பது. நல்லெண்ணத்தோடு கொடுக்கும் உணவுக்குச் சட்டப் பாதுகாப்பு 1996-லிருந்தே இருக்கிறது. ஆனாலும் சட்டம் காப்பாற்றும் என்று நாங்கள் அசட்டையாக இருக்க முடியாது. 2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு மருத்துவர் தானமாக வந்த மான்கறிப் பொட்டலங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துகள் தெரிந்தது. ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறுவதால் வருவது அது. உணவு வங்கிகள் இருந்த கறியை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. அதனால்தான் எங்களுக்குக் கொடுப்பவர்களிடம் முடிந்தால் செப்புத் தோட்டா பயன்படுத்துங்கள் என்று கேட்கிறோம். விலை அதிகம். கேட்டதும் மாற்றிக்கொண்ட ஒன்பது பேருக்கு என் தனி நன்றி, அவர்கள் தந்த கறியைச் சாப்பிடுவதில் பாதிப் பேர் குழந்தைகள். மானைக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் மேரிலாந்தில் அலெகனி மாவட்டத்தில் 2011-ல் உறுதியானது. மனிதருக்குப் பரவியதாகச் சான்று இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. அந்த மாவட்டம் இருக்கும் மேற்குப் பக்கம் போய் வேட்டையாடிய இருவர் தங்கள் செலவிலேயே சோதனை செய்து, முடிவு வரும்வரை பொறுத்திருந்துதான் கறியைத் தந்தார்கள்.

மான்கறியைத் தானமாகக் கொடுக்கும் இந்தப் பாதையைப் போட்டவர்கள் எங்களுக்கு முன்னோடிகள் என்பதையும் சொல்ல வேண்டும். இதே பகுதியைச் சேர்ந்த ரிக் வில்சன் என்பவர், சாலையோரம் இறந்து கிடந்த மானைத் தன் வண்டியில் ஏற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து உதவியிருக்கிறார். தானும் பிள்ளைகளும் பசியில் இருப்பதாக அந்தப் பெண் சொன்னாராம். அதிலிருந்து 1997-ல் பிறந்ததுதான் 'ஃபார்மர்ஸ் அண்ட் ஹன்டர்ஸ் ஃபீடிங் த ஹங்ரி', அதாவது பசித்தவர்களுக்கு உணவு தரும் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் என்ற அமைப்பு. அயோவா மாநிலத்தில் மான் வேட்டை உரிமத்தோடு ஒரு டாலர் சேர்த்து வாங்கி அதிலிருந்து கடைக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. எங்கள் சின்ன உணவு வங்கி தன் கூலியைத் தானே திரட்டுகிறது, இந்த வருஷம் அது நீங்கள்.

உங்களில் ஒரு மாமி, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர், 160 டாலருக்குக் காசோலை எழுதி என் கையில் கொடுத்து, "இரண்டு மானுக்கு. பசிக்கிறவாளுக்கு எது ஒத்துக்குமோ அதைக் கொடு" என்றார். மாமி, உங்கள் முகம்தான் கறிப் பொட்டலத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்த உண்டியலில் 87 டாலர் இருந்தது, ஒரு மானும் ஏழு டாலரும். பனி கொட்டிய டிசம்பர் காலையில் தன் வேனை எடுத்துவந்து கடையிலிருந்து பெட்டிகளை ஏற்றி இறக்கிய தம்பிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, இப்போது சரியாகிவிட்டது என்கிறான். கறிக்கடையில் ராத்திரி பதினொரு மணி வரை நின்று எலும்பு நீக்கியவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, துப்பாக்கிப் பருவம் தொடங்கிய முதல் நாள், நான் கடையில் இருந்தேன். போன வருஷம் திரும்பிப் போன அதே மனிதர் வந்தார், இந்தத் தடவை வண்டியில் இரண்டு மான். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த வருஷம் பணம் இருக்கிறதா என்பது. இருக்கிறது என்றார் கடைக்காரர். யார் கொடுத்தது என்றதற்கு என்னைக் காட்டி, இவருடைய ஊர்க்காரர்கள், அதில் பாதிப் பேர் கறியே சாப்பிடாதவர்கள் என்றார். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக் கை கொடுத்து, அவர்களிடம் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

மீதி 200 டாலர் தனிக் கணக்கில் இருக்கிறது. வரும் பருவத்தின் முதல் இரண்டு மானுக்கும், மூன்றாவதில் பாதிக்கும் அது போதும்.